பட்டனை அழுத்தியவள்

ஆசைப்பட்டுக் கேமரா வாங்குகிறவர்கள் உண்டு. எதிர்வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்று வாங்குகிறவர்களும் உண்டு. வயிறெரிந்து கேமரா வாங்கப் போனவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, பவர் எழுதி, ஃபிரேமுக்குத் தகுந்தபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பது வரைக்கும் எல்லாம் அவள் கைவேலை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரே கேள்வியை நாளுக்கு நூறு முறை கேட்பாள், குரலில் சலிப்பு வராது. கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பொறுமைசாலி என்பார்கள். அந்தப் பொறுமையெல்லாம் கடைப் படியோடு சரி. அக்கா புருஷன் பேச்சை எடுத்துப் பாருங்கள், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

காரணம் ஒரு காலண்டர்.

போன வருஷம் அவள், அக்கா குடும்பத்தோடு சேர்ந்து ஒரு ஏரியைப் பார்க்கப் போயிருந்தாள். அத்தான் தன்னுடைய பெரிய கேமராவோடு வந்திருந்தார். யாரையும் அதைத் தொட விடமாட்டார். "ஆட்டோ ஃபோகஸெல்லாம் சோம்பேறிங்களுக்கு. நான் கையாலதான் திருப்புவேன்" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார். மறுநாள் விடியற்காலையில் படகில் ஏறியதும், அந்த மகா கலைஞர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிவிட்டார்.

அப்போதுதான் எதிரே வந்த படகில் ஒரு படகுக்காரர் எழுந்து நின்று, நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். மூடுபனிக்குப் பின்னாலிருந்து வெயில் வந்துகொண்டிருந்தது. சட்டையிலிருந்து விழுந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக மின்னியது. அவள் யோசிக்கவில்லை. அத்தான் மடியிலிருந்து கேமராவை எடுத்தாள். கண்ணில் வைத்தால் மூக்குக்கண்ணாடி இடித்தது. அதைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அவள் விரல், பழக்கதோஷத்தில், ஓரத்தில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தைத் தேடிப்பிடித்துத் திருகியது. பார்வை தெளிந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒரே ஒரு படம். கேமராவைத் திரும்ப மடியில் வைத்தபோதும் அத்தான் வாயை மூடவில்லை.

அந்தப் படத்தை அவர் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு. காலண்டர் அட்டையில் அச்சாகி வந்தது. கீழே மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் 'படம்:' என்று போட்டு அத்தான் பெயர். அவள் பெயர் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு அவள் முதலாளி எங்கிருந்தோ ஒரு காலண்டர் வாங்கிவந்து அவள் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டிவிட்டார். காலை பத்திலிருந்து மாலை ஏழு வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுத்தவர் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

அவள் சும்மா இருக்கவில்லை. அத்தானிடம் நேராகவே கேட்டாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்த கூடத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ பட்டனை அழுத்தினம்மா, அவ்வளவுதான். செட்டிங்ஸ் போட்டு வெச்சது யாரு? கேமரா யாருது? அழுத்தறவங்க வேற, எடுக்கறவங்க வேற."

கூடம் சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே 'பட்டன்' என்று ஆகிவிட்டது. "வாம்மா பட்டன்", "பட்டனுக்கு ஒரு காபி கொடு" என்று அத்தான் கூப்பிடுவார், பிள்ளைகளும் கூப்பிட ஆரம்பித்தன.

அக்காவிடம் போய் அழுதாள். "விடுடி. குடும்பத்துக்குள்ள யார் பேரு இருந்தா என்ன?" என்றாள் அக்கா.

"அப்ப என் பேரு இருந்திருக்கலாமே?"

அக்கா எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

நிறுவனத்துக்கும் போன் செய்தாள். காலண்டர் பொறுப்பில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை நம்பாம இல்லம்மா. ஆனா அனுப்பினவர் அவர். எடுத்தது நான் இல்லைன்னு அவர் கையெழுத்தோட ஒரு காகிதம் கொடுங்க, மறுபதிப்புலயே பேரை மாத்திடறேன்." அத்தானாவது, அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாவது! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். அந்த ஒரு கையெழுத்து மட்டும் கிடைத்தால் போதும் என்று வருஷம் பூராவும் கறுவிக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் அக்கா ஒருநாள் போனில் சொன்னாள்: "அடுத்த காலண்டருக்கும் உங்க அத்தானையே கேட்டிருக்காங்கடி. ஆறு படம் வேணுமாம்."

அன்று மத்தியானம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கேமராக் கடைக்குக் கிளம்பினாள். சொந்தமாக ஒரு கேமரா வாங்குவது, அதே ஏரிக்குத் தனியாகப் போவது, அத்தான் மூஞ்சியில் கரியைப் பூசுகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு வருவது. இதுதான் திட்டம்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பழைய கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து விற்கிற இடம். நடத்துவது ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், காதோரம் பேனா செருகுகிற இடத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தார்.

"எதுக்கும்மா கேமரா?"

"ஊர் சுத்த."

"எடுத்துப் பழக்கம் உண்டா?"

"ஒரே ஒரு படம் எடுத்திருக்கேன்."

கடைக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு மேல இவ்வளவு கோபம்?"

அவள் திடுக்கிட்டாள்.

"ஆசையா வாங்க வர்றவங்க கண்ணாடி அலமாரியைப் பாப்பாங்க. நீங்க வந்ததுலேருந்து என்னை முறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. சரி, அது உங்க பாடு. கையில எவ்வளவு இருக்கு?"

சொன்னாள். அம்மா முகம் சுளிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"பெருசா வேணும்" என்றாள் அவள். "கழுத்துல தொங்கினா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்."

"திரும்பிப் பாப்பாங்க. ரெண்டாம் நாள் உங்க கழுத்தே திரும்பாது. மூணாம் நாள் கேமரா பைக்குள்ள தூங்கும், நீங்க போன்ல எடுத்துக்கிட்டு இருப்பீங்க. ஊர் சுத்தறவங்களுக்கு முதல்ல எடை. கையில இருக்கற கேமராதான் படம் எடுக்கும், பையில இருக்கறது எடுக்காது."

அப்புறம் அந்த அம்மா மேஜைமேல் ஒரு துணியை விரித்து மூன்று கேமராக்களை வைத்தார். முதலாவது சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற அளவு. அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது; ஆனால் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். "வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க" என்றார் அம்மா. கொண்டுபோனாள். வெயிலில் திரையில் அவள் மூஞ்சிதான் தெரிந்தது. "அதான் சொல்றேன். கண்ணை வெச்சுப் பாக்கற துவாரம் ஒண்ணு இருக்கணும்."

இரண்டாவதில் லென்ஸ் முழங்கை நீளத்துக்கு நீண்டது. எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் காய்ந்த துணியின் தையல் வரைக்கும் தெரிந்தது. "இதை எடுத்துக்கிட்டுப் போனா பக்கத்துல இருக்கற மனுஷங்களை விட்டுட்டுத் தூரத்துப் பறவையைத் துரத்திக்கிட்டு இருப்பீங்க. முதல் கேமராவுக்கு இது வேணாம்."

"புதுசா வாங்கினா?"

"உங்க பணத்துக்குப் புதுசுன்னா வெறும் உடம்புதான் வரும், லென்ஸுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். பழைய உடம்பு, நல்ல லென்ஸ். அதோட இன்னொரு பேட்டரி. அதுதான் புத்தி. பழசுன்னா இதுவரைக்கும் எத்தனை தடவை அழுத்தியிருக்காங்கன்னு மட்டும் கேட்டுக்கணும், கேமராவுக்கு அதுதான் வயசு."

மூன்றாவது அப்படிப்பட்ட ஒன்று. கைக்கு அடக்கம், நல்ல லென்ஸ், ஆனால் விலை அவள் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூட. எப்படியாவது பேரம் பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினாள், கேமராவைக் கண்ணில் வைத்தாள். மங்கல். விரல் தானாகப் போய் ஓரத்துச் சக்கரத்தைத் திருகியது.

"அட!" என்றார் அம்மா. "சொல்லிக் கொடுக்காமலே அந்தச் சக்கரத்தைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான். பாக்கறவங்க கண்ணுக்கு ஏத்தமாதிரி பவர் மாத்தறது அது. பாதிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. எங்கேயாவது பட்டுத் திரும்பிடும், எல்லாம் மங்கலாத் தெரியும், கேமரா போச்சுன்னு வந்த விலைக்கு என்கிட்ட தள்ளிவிட்டுட்டுப் போவாங்க."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

படகு. தலைமேல் ஏற்றிய கண்ணாடி. திருகிய சக்கரம். அவள் கண் மைனஸ் மூன்று. சக்கரத்தை அதற்குத்தான் வைத்திருப்பாள். திரும்ப மாற்றிவைத்தாளா? இல்லை, சத்தியமாக இல்லை.

ஒரு வருஷத்துச் சமாசாரங்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அத்தான் ஆபீஸ் ஆண்டு விழாவில் எடுத்த படங்களில் மேலதிகாரிக்கு மூக்கே இல்லை. பெரிய மகளின் பிறந்தநாள் படத்தில் கேக்கு ஒரு வெள்ளை மேகமாகத் தெரிந்தது. கேட்டவர்களிடம், "இது சாஃப்ட் ஃபோகஸ், உங்களுக்கெல்லாம் புரியாது" என்று சமாளித்தார். இருபது வயதுக் கண் என்றால் மைனஸ் மூன்றையும் முட்டி மோதிச் சமாளித்துக்கொள்ளும். அத்தானுக்கு நாற்பத்தெட்டு. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறார். கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கா? கழுகுக் கண்ணு" என்பார். இவள் பார்த்தவரைக்கும் அந்தக் கழுகுக்குப் படிக்க ப்ளஸ் இரண்டு வேண்டும். இந்த அழகில் ஃபோகஸைக் கையால் திருப்புவாராம்!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைக்கார அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

"எடுத்து வெக்கட்டுமா?"

"வேணாம்மா. எனக்கான கேமரா வேற ஒரு வீட்டுல இருக்கு. பாவம், கெட்டுப்போய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு கூடுதல் பேட்டரிக்கு மட்டும் முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கடையில் உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதினாள். கண் சோதிக்கிற இடத்தில் ஒரு அட்டை கொடுப்பார்களே, முதல் வரி பெரிதாக, அடுத்தது கொஞ்சம் சின்னதாக, கடைசி வரி பொடியாக, அதே அளவில் ஐந்து வரி. மூன்றாவது வரிக்கு மேல் அந்த வயதுக்காரர்கள் தட்டுத்தடுமாறுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருஷமாக அவர்களுடைய சமாளிப்பையெல்லாம் கேட்டவள் ஆயிற்றே. எழுதி முடித்ததும் ப்ளஸ் இரண்டில் ஒரு கண்ணாடி தயார் செய்தாள். ஃபிரேம் நல்லதாகவே பார்த்து எடுத்தாள், அதில் கஞ்சத்தனம் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனாள்.

"வாம்மா பட்டன்" என்றார் அத்தான். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் எட்ட நின்று அந்த மூலையைக் காட்டுவது வழக்கம்.

"கேமரா வாங்கலாம்னு இருக்கேன் அத்தான். முதல் கேமரா. கையில கொஞ்சம்தான் இருக்கு, எது நல்லதுன்னு தெரியல. உங்களைக் கேக்காம யாரைக் கேக்கறது?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். வலை விரித்தவள் அவள். ஆனால் வலையை விரிப்பது தானே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வெளியில எதுக்கு வாங்கற? என்னோடதையே எடுத்துக்கோ. நான் அடுத்த காலண்டருக்குப் புதுசு வாங்கப் போறேன். உனக்குங்கறதால பாதி விலைக்குத் தரேன்."

"ஐயோ, அவ்வளவு நல்ல கேமராவையா? கோளாறு ஒண்ணும் இல்லையே அத்தான்?"

"என் கேமராவுலயா? சுத்தமா இருக்கு."

"படமெல்லாம் தெளிவா விழுதா?"

"கண்ணாடி மாதிரி விழும்."

"கடைசியாக் கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

"நான் உன்னை ஏமாத்துவேனா?" என்றார் அத்தான், மனம் புண்பட்டவர் மாதிரி.

மூன்று முறை கேட்டாள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, 'கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுதும்மா' என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பாளாம். அப்படித்தான் அவள் பிற்பாடு சொன்னாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கெட்டுப்போன பொருள் என்று தெரிந்தே அதைக் கொழுந்தியாள் தலையில் கட்டப் பார்த்த மனுஷனுக்காக வக்காலத்து வாங்க எனக்கு மனசில்லை.

கேமராவும் பணமும் கைமாறின. அவள் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "சும்மா ஒரு சீட்டு அத்தான். ரிப்பேர்க் கடையில யாருதுன்னு கேட்டா காட்டணுமாம்."

அத்தான் வாங்கிப் படித்தார். "விற்பனைச் சீட்டு." அடுத்த வரி: "என் கேமராவை இன்று விற்றுவிட்டேன்." மூன்றாவது வரிக்குக் காகிதம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. "அதில் எந்தக்... கோளாறும்... இல்லை." நான்காவது வரிக்குக் கை முழுசாக நீண்டது. அதற்குமேல் நீள அவருக்குக் கை இல்லை.

"கண்ணாடி தரட்டுமா அத்தான்? பையிலயே இருக்கு."

"எனக்கா? கழுகுக் கண்ணும்மா."

"அப்ப முழுசாப் படிச்சுட்டே போடுங்க."

"படிச்சாச்சு, படிச்சாச்சு. எல்லாம் வழக்கமா எழுதறதுதானே."

அப்போது அக்கா காபியோடு வந்தாள். டம்ளரை வைக்கக் குனிந்தவள், அத்தான் தோளுக்கு மேலாகக் காகிதத்தைப் பார்த்தாள். அக்காவுக்கு நல்ல கண், ஒரு குறையும் கிடையாது. அவள் கண் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்து நின்றது. எல்லாம் கெட்டது, இப்போது வாயைத் திறந்துவிடுவாள் என்று தங்கை நினைத்தாள்.

அக்கா டம்ளரை வைத்தாள். "கையெழுத்துக்குக் கீழ தேதியும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, தட்டைத் துடைத்தபடி அங்கேயே நின்றாள்.

அத்தான் போட்டார். பரிசு வாங்கியதற்கப்புறம் பழகிக்கொண்ட, வாலை நீட்டி இழுக்கிற கையெழுத்து.

அவள் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக் காலண்டர் பொறுப்பாளருக்கு அனுப்பினாள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினாள், கேமராவைக் கண்ணில் வைத்தாள். சக்கரம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. வளையத்தைத் திருப்பி அத்தானை ஒரு படம் எடுத்தாள். திரையைப் பெரிதாக்கி அவர் முன்னால் நீட்டினாள். எட்டப் பிடித்துப் பார்த்தும்கூட அவருக்குத் தெரிந்தது: மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக விழுந்திருந்தது.

அத்தான் ஆடிப்போய்விட்டார். "இது எப்படி? ஒரு வருஷமா ஒரு படம்கூட உருப்படியா விழலையே! என்ன பண்ணின?"

"எதுக்கு அத்தான் என்னைக் கேக்கறீங்க? நீங்கதான் ஒரு கோளாறும் இல்லைன்னு இப்பக் கையெழுத்துப் போட்டீங்க."

சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. அவள் கண்ணாடிக் கூட்டை மேஜைமேல் தள்ளினாள், பக்கத்தில் காகிதத்தை வைத்தாள். "உங்களுக்காகச் செஞ்சது. போட்டுக்கிட்டு மிச்சத்தையும் படிங்க."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதம் இப்போது மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. நான்காவது வரி: காலண்டர் அட்டையில் உள்ள ஏரிப் படத்தை எடுத்தது நான் அல்ல. ஐந்தாவது வரி: எடுத்தது என் மனைவியின் தங்கை, நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இது அநியாயம்! நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். இதெல்லாம் எழுதினது நீ!"

"நீங்க சொன்னதுதான் அத்தான். அழுத்தறவங்க வேற, எடுக்கறவங்க வேற. எழுதினது யாரா இருந்தா என்ன, கீழ இருக்கறது உங்க பேரு."

அத்தான் வாயைத் திறந்தார். படகில் இருந்த அதே வாய். அக்காதான் பேசினாள், தங்கையிடம். "சாப்பிட்டுட்டுப் போடி. ஏரிக்கு எப்பக் கிளம்பற?"

"புதன்கிழமை."

"ரெண்டு டிக்கெட்டாப் போடு. நானும் வரேன்."

அந்தச் சக்கரத்தைப் பற்றி அவள் அத்தானிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள்.

அத்தான் எழுந்து காலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டிருந்தார். மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த தன் பெயரை, ஒரு வருஷமாக எட்ட நின்று எல்லோருக்கும் காட்டிய அந்தப் பெயரை, அன்றுதான் முதல்முறையாகத் தெளிவாகப் படித்தார்.